தஞ்சைக் கலைக்கூடம்: அழகும் சான்றும்

அருங்காட்சியகத்தில் ஒரு சிலையின் முன் வந்து நிற்பவர்களில் பலர் முதலில் பார்ப்பது சிலையை அன்று. அதன் அடியில் உள்ள பெயர்ப் பலகையை. பலகையில் வழக்கமாக மூன்று செய்திகள் இருக்கும்: படிமத்தின் பெயர், அது கிடைத்த ஊர், அது எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்னும் குறிப்பு. இவற்றைப் படித்தவுடன் 'பார்த்தாயிற்று' என்ற நிறைவோடு அடுத்த சிலைக்கு நகர்ந்துவிடுகிறோம். அறிவியல் பயிலும் மாணவன் அவ்வளவில் நின்றுவிடக் கூடாது. இப்பொருள் எதனால் ஆனது? எவ்வாறு செய்யப்பட்டது? இதன் காலம் இன்னதென்று எப்படித் தெரிந்தது? எந்த வழியாக இங்கு வந்து சேர்ந்தது? இந்த நான்கு வினாக்களையும் எழுப்பும்போதுதான் காட்சிப் பொருள் சான்றுப் பொருளாக மாறுகிறது.

இந்தக் கண்ணோட்டத்தில் ஆராய்வதற்கு மிக ஏற்ற இடம் தஞ்சாவூர்க் கலைக்கூடம். நாயக்கர் காலத்தில் எழுந்து, பின்னர் மராட்டிய மன்னர்களின் இருப்பிடமாக விளங்கிய அரண்மனையில் 1951-ஆம் ஆண்டு இது அமைந்தது. பெருநகர அருங்காட்சியகங்களைப் போல உலகின் பல பகுதிகளிலிருந்தும் பொருள்களைத் திரட்டி வைத்திருக்கும் இடம் அன்று இது. இதன் சிறந்த படிமங்கள் சோழ நாட்டு ஊர்களிலேயே தோன்றி, அங்கேயே வழிபடப்பட்டவை. ஆதலால் ஒரு வட்டாரத்தின் கலையையும் வரலாற்றையும் ஒரே கூரையின்கீழ்ப் பயில இங்கு வாய்ப்புண்டு. அந்த வாய்ப்பு எவ்வளவு பெரியது என்பதையும், காட்சி வைத்தல் என்னும் முறை அதில் எவ்வளவை மறைத்துவிடுகிறது என்பதையும் சில படிமங்களைக் கொண்டு காண்போம்.

காளை இல்லாத காளை ஊர்தியார்

கலைக்கூடத்தின் புகழ் பெற்ற வெண்கலம் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர். இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில், சீர்காழிக்கு அருகில் உள்ள ஊர் திருவெண்காடு. 1950-களின் தொடக்கத்தில் அங்கு மண்ணுக்கு அடியிலிருந்து வெளிப்பட்ட படிமங்களுள் இதுவும் ஒன்று. உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். பாம்புகள் பின்னிய சடைமுடி தலைப்பாகையைப் போல் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு காலை ஊன்றி, மற்றொரு காலை அதன் குறுக்கே சாய்த்து, ஒரு கையைத் தம் ஊர்தியின்மேல் இளைப்பாற வைத்தவராய் இறைவன் நிற்கிறார்.

ஆனால் காளை இல்லை! மண்ணிலிருந்து கிடைத்தது இறைவன் திருவுருவம் மட்டுமே. கை, வெறும் காற்றின்மீது தங்கியிருக்கிறது. இக்குறை படிமத்தின் அழகைக் கெடுத்திருக்க வேண்டும். அவ்வாறு கெடவில்லை என்பதுதான் இதன் வியப்பு. காளையின் உயரமும் முதுகின் சரிவும் அந்தக் கையின் வளைவிலேயே பதிந்திருக்கின்றன. உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத் தொடர்ந்து நோக்குபவருக்கு, இல்லாத காளை மெல்ல மெல்லப் புலப்பட்டுவிடும். தாங்குபொருளை நீக்கிய பிறகும் 'சாய்தல்' என்னும் நிலை சிறிதும் பொய்யாகத் தோன்றாதபடி உடலை வகுத்திருப்பது, சிற்பி எடையையும் சமநிலையையும் எவ்வளவு கூர்ந்து கண்டிருந்தார் என்பதைக் காட்டுகிறது.

இங்கே ஓர் இயற்பியல் செய்தி ஒளிந்திருக்கிறது. ஒரு முனை மட்டும் பொருந்தி, மறுமுனை தாங்கலின்றி நீண்டிருக்கும் உத்திரத்தைப் போன்றது அந்தக் கை. இத்தகைய உத்திரத்தின் மேற்புறம் இழுவிசைக்கும், கீழ்ப்புறம் அழுத்தத்திற்கும் உள்ளாகிறது. வெண்கலம் இரண்டையும் தாங்க வல்லது. எனவே காளை பிரிந்துபோன பிறகும், பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்த பிறகும், கை முறியாமல் இருக்கிறது. இதே உருவத்தைக் கல்லில் செதுக்கிக் காளையை அகற்றியிருந்தால் கையும் காளையோடு போயிருக்கும். வெற்றிடத்தில் தங்கும் இந்தக் கை, ஒரு கலைஞனின் கற்பனையும் ஓர் உலோகத்தின் இயல்பும் சேர்ந்து தந்த வெற்றி எனலாம்.

மெழுகு கரைந்த இடத்தில்

இத்தகைய படிமம் எப்படிப் பிறந்தது? சோழ நாட்டுச் சிற்பிகள் கையாண்டதும், இன்றும் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் கையாள்வதும் மெழுகு வார்ப்பு முறையாகும். தேன்மெழுகோடு குங்கிலியமும் சிறிது எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்தக் கலவையால் முதலில் முழு உருவத்தையும் செய்வார்கள். உறுப்புகளின் அளவைத் தென்னங்கீற்றின் ஓலை நறுக்கை மடித்து மடித்துக் கணக்கிடுவார்கள். பின்பு மெழுகு உருவத்தின்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசுவார்கள். முதற்பூச்சு மிக மென்மையானது. மெழுகில் உள்ள நுண்ணிய கோடும் அதில் பதிய வேண்டும். அதன்மேல் வரவரக் கனமான பூச்சுகள் ஏறும். நிழலில் உலர்ந்தபின் இரும்புக் கம்பியால் கட்டு இடப்படும். வரட்டி நெருப்பில் சூடேற்றினால் மெழுகு உருகி, அதற்கென விட்ட வாய்க்கால் வழியாக வெளியேறிவிடும். அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பார்கள். ஆறியபின் மண் அச்சை உடைத்தால்தான் படிமம் வெளிவரும்.

அச்சு உடைந்துவிடுவதால் ஓர் அச்சில் ஒரு படிமம்தான். இரண்டு நடராசர்கள் ஒன்றுபோல் இருக்கலாம். ஒன்றாக இருக்க முடியாது. ஒரு மெழுகு, ஒரு மண், ஒரு வார்ப்பு என்ற இந்தத் தனித்தன்மை, பின்னர் நாம் காணப் போவதுபோல், வழக்கு மன்றத்திலும் பயன்படக் கூடியது.

மாணவர்கள் தாமே செய்து பார்க்கக்கூடிய ஒரு கணக்கும் உண்டு. தேன்மெழுகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.96 கிராம், வெண்கலத்தின் அடர்த்தி சுமார் 8.8 கிராம். இப்படிமங்கள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் இல்லாத கனவார்ப்பு. எனவே மெழுகு உருவத்தின் எடையைப் போல ஏறத்தாழ 9 மடங்கு உலோகம் தேவை. 5 கிலோ மெழுகு கொண்ட உருவத்திற்கு 45 கிலோ வெண்கலம்; வாய்க்காலில் தங்கும் உலோகம் இதற்கும் மேல். இவ்வளவு உலோகத்தையும் இடைவிடாமல் ஊற்ற வேண்டும். நடுவில் நின்றால் முன் ஊற்றியது ஆறி, பின் ஊற்றியது அதனோடு ஒன்றாமல் பிளவு தோன்றிவிடும். ஒரு விரல் நுனிவரை உலோகம் ஓடியிருப்பதைக் காணும்போது இந்த உழைப்பையும் சேர்த்தே காண வேண்டும்.

உலோகத்தைப் 'பஞ்சலோகம்' என்பது மரபு. பொன், வெள்ளி, செம்பு முதலிய ஐந்தும் சேர்ந்தது என்பது அதன் பொருள். ஆயினும் வேதியியல் ஆய்வுகள் காட்டுவது வேறு. பெரும்பகுதி செம்பு, அதனோடு வெள்ளீயமும் காரீயமும் சில பங்கு. பொன்னும் வெள்ளியும் இருந்தாலும் மிகச் சிறிய அளவே. தூய செம்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1085 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். வெள்ளீயம் 232 பாகையிலும், காரீயம் 327 பாகையிலும் உருகிவிடும். இவற்றைச் சேர்த்தால் கலவை குறைந்த வெப்பத்திலேயே உருகும். மேலும், காரீயம் திண்மநிலைச் செம்பில் கரைவதில்லை. நுண்ணிய மணிகளாகத் தனித்து நிற்கிறது. அதனால் வார்க்கும்போது கலவை எளிதாக ஓடி, சடையின் நுனிக்கும் விரலின் இடுக்குக்கும் சென்று சேர்கிறது. ஆறியபின் உளிக்கும் இடங்கொடுக்கிறது. பொன் சேர்ந்தது என்ற நம்பிக்கையைவிட, காரீயம் சேர்ந்ததன் காரணம் சிற்பியின் அறிவுக்குப் பெரிய சான்று அன்றோ!

நடந்து செல்ல வேண்டியவை நிற்கின்றன

திருவெண்காட்டிலிருந்து வந்த மற்றொரு சிறந்த படைப்பு கலியாணசுந்தரர் குழு. சிவபெருமான் உமையம்மையின் கையைப் பற்றி நிற்கிறார். அம்மையின் தலை நாணத்தால் சற்றே தாழ்ந்திருக்கிறது. பின்னிருந்து திருமகள் அவளை மெல்ல முன்னே செலுத்த, திருமால் தாரை வார்த்துக் கொடுக்கிறார். நாடகத்தின் ஒரு நொடி நான்கு உருவங்களில் உறைந்து நிற்கிறது. இதன் சிறப்பு எந்த ஓர் உருவத்திலும் தனியாக இல்லை. உருவங்களுக்கு இடையே உள்ள தொலைவில் இருக்கிறது. பற்றிய கைகளின் நெருக்கம், பின்னிருப்பவளின் அரவணைப்பு, கொடுப்பவரின் ஒதுக்கம் ஆகிய மூன்று தொலைவுகளில் கதை முழுவதும் அடங்கிவிடுகிறது. இதைக் காட்சிக்கு வைப்பவருக்கும் சிற்பியின் பொறுப்பில் ஒரு பங்கு வந்து சேர்கிறது. ஒரு சாண் தள்ளி வைத்தாலும் திருமணம் வெறும் அணிவகுப்பாகிவிடும்.

இவை கருவறையில் அசையாது நிற்கும் மூல உருவங்கள் அல்ல; விழாக் காலத்தில் வீதி உலா வருவதற்காக வார்க்கப்பட்டவை. சோழர் காலப் படிமங்களின் பீடங்களில் உள்ள துளைகளையும் வளையங்களையும் பாருங்கள். கம்புகளைச் செருகிச் சுமக்கவும், கயிற்றால் பிணைக்கவும், திருவாசியைப் பொருத்தவும் அமைந்தவை அவை. உலாவின்போது பட்டும் மாலையும் நகையும் உடலை மூடியிருக்கும். முகமும் கைகளுமே தெரியும். தீவட்டியின் அசையும் ஒளியில், சுமப்பவர் தோளின் அசைவோடு, மேலிருந்து அவை மக்களை நோக்கும்.

அருங்காட்சியகம் இதை முற்றிலும் மாற்றிவிடுகிறது. ஆடை களைந்து, அசைவு நிறுத்தி, கண்ணின் மட்டத்தில், ஒரே சீரான ஒளியில் வைத்துவிடுகிறது. இதனால் வரும் ஆதாயம் பெரிது. சோழச் சிற்பி இடையின் வளைவையும் முதுகின் தசையையும் எவ்வாறு வடித்தார் என்பதை முழுமையாகக் காணும் வாய்ப்பு, உலாவைக் கண்டவர்களில் பெரும்பாலோருக்கு இருந்ததில்லை. வரும் இழப்பும் பெரிது. படிமம் என்ன வேலைக்காகப் பிறந்தது என்பதே மறைந்துவிடுகிறது. இன்னொரு குறையும் உண்டு. சுவரை ஒட்டிய பேழையில் எந்த வெண்கலத்தை வைத்தாலும் அதன் பின்புறம் பார்வைக்குத் தப்பிவிடும். சோழப் படிமங்களின் பின்புறம் முன்புறத்தைப் போன்ற கவனத்தோடு செய்யப்பட்டது. வீதியில் செல்லும் திருமேனியை மக்கள் பின்னிருந்தும் காண்பார்கள் அல்லவா? கண்ணாடிப் பேழையோ முன்புறமே முழுமை என்ற தவறான எண்ணத்தைத் தந்துவிடுகிறது.

இரண்டு கற்கள்

வெண்கலத்திலிருந்து கல்லுக்கு வருவோம். கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலின் சிற்பங்கள் சிலவற்றை இக்கலைக்கூடத்தில் காணலாம். அவற்றுள் யானை உரித்த பெருமானின் உருவம் நெஞ்சை அதிர வைப்பது. யானையின் தலைமேல் காலூன்றி, உடலை முறுக்கி, உரித்த தோலைப் பின்னே விரித்து இறைவன் எழுகிறார். அஞ்சிய உமையம்மை குழந்தையோடு ஒதுங்கி நிற்கிறாள்.

இந்த உருவத்தில் கைகள் பல, வேகம் மிகுதி. ஆயினும் எந்தக் கையும் வெளியில் தனித்து நீளவில்லை என்பதைக் கவனியுங்கள். பின்னே விரிந்த யானைத் தோல் ஒரு பலகையைப் போல நின்று கைகளைத் தாங்குகிறது. கருங்கல் அழுத்தத்தை மிக நன்றாகத் தாங்கும்; ஆனால் இழுவிசையைத் தாங்கும் வலிமை அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். ரிஷபவாகனரின் கையைப் போல ஒன்றைக் கல்லில் நீட்டினால் அது தன் எடையாலேயே ஆபத்துக்கு உள்ளாகும். தாராசுரத்துச் சிற்பி இந்தக் கட்டுப்பாட்டைக் கதைக்குள்ளேயே கரைத்துவிட்டார். புராணத்துக்குத் தேவையான யானைத் தோல், பொறியியலுக்குத் தேவையான முட்டுக்கொடுப்பாகவும் அமைந்துவிட்டது.

காவிரிக் கழிமுகம் முழுவதும் ஆற்று வண்டல். அங்கே தோண்டினால் பாறை கிடைக்காது. கோயில்களுக்கும் சிற்பங்களுக்கும் வேண்டிய கல் எல்லாம் கழிமுகத்துக்கு வெளியே, பாறைகள் தலைகாட்டும் நிலங்களிலிருந்து வந்தாக வேண்டும். உள்ளூர் மண்ணே அச்சாக உதவிய வெண்கலங்களுக்கு அருகில், தொலைவிலிருந்து இழுத்து வந்த கல் நிற்கிறது. பார்வையாளர் இதை உணர்ந்தால் வட்டார நிலவியலின் முதற்பாடம் முடிந்துவிடும்.

இனி நாயக்கர் தர்பார் மண்டபத்தில் நிற்கும் வெண்ணிற உருவத்தைக் காண்போம். அது 1798 முதல் 1832 வரை பட்டம் வகித்த மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசியின் சலவைக்கல் சிலை. செய்தவர் ஆங்கிலச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன். மன்னர் கூப்பிய கரங்களோடு நிற்கிறார். ஆடையின் மடிப்புகள் மெல்லியவை, முகம் அமைதியானது. திறமையில் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் சோழப் படிமங்களைப் பார்த்த கண்ணோடு இதைப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு உறுத்துகிறது. அங்கே உடலின் உள்ளிருந்து மூச்சு மேற்பரப்பை நிரப்புகிறது; இங்கே ஆடைதான் உருவத்தை நிரப்புகிறது. அங்கே நிலை பேசுகிறது. இங்கே மடிப்பு பேசுகிறது.

இந்த வேறுபாட்டுக்கு மரபு ஒரு காரணம். கல்லும் ஒரு காரணம். மோஸ் என்பவர் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் சலவைக்கல்லின் கனிமமாகிய கால்சைட்டுக்கு 3 என்ற இடம். கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பாருக்கு 6, குவார்ட்சுக்கு 7. எஃகு உளிக்குச் சலவைக்கல் இணங்கிக் கொடுக்கும். துணியின் மெல்லிய மடிப்பையும் அதில் எடுக்கலாம். கருங்கல்லோ பொடிப்பொடியாகத் தட்டி எடுக்க வேண்டியது. ஆகவே கருங்கல் சிற்பி பெரிய வளைவுகளிலும் திரண்ட வடிவங்களிலும் தன் எண்ணத்தைச் சொல்கிறார். வெண்கலம், கருங்கல், சலவைக்கல் என்ற மூன்று பொருள்களும் மூன்று வகையான கலையைத் தோற்றுவித்தன என்பதைக் கண்ணெதிரே ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை இக்கலைக்கூடம் தருகிறது. இறைவர் பெயரை மட்டும் படித்துச் செல்பவர் இந்த ஒப்பீட்டை இழந்துவிடுகிறார்.

காலத்தை எப்படி அறிகிறோம்?

'11-ஆம் நூற்றாண்டு' என்று ஒரு பலகை சொன்னால் அதை நாம் ஏன் நம்ப வேண்டும்? கரிமக் கதிரியக்க முறையால் காலம் கணிக்கலாமே என்று மாணவர்கள் எண்ணக்கூடும். அம்முறை மரம், எலும்பு, கரி போன்ற உயிர்ப்பொருள்களுக்கே பொருந்தும்; செம்புக்கும் ஈயத்துக்கும் பயன்படாது. உள்ளே களிமண் கரு உள்ள பொள்ளல் வார்ப்புகளில், அந்தக் களிமண் கடைசியாக எப்போது சூடேறியது என்பதை வெப்ப ஒளிர்வு முறையால் கணிக்க இயலும். கனவார்ப்பில் களிமண் கருவே இல்லை. எனவே அந்த வழியும் அடைபடுகிறது.

இங்குதான் திருவெண்காட்டு ரிஷபவாகனரின் உண்மையான மதிப்பு விளங்கும். முதலாம் இராசராசனின் 26-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1011-இல், இத்தகைய திருமேனி அக்கோயிலில் இருந்ததைத் திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு குறிக்கிறது. அடுத்த ஆண்டு அம்மையின் திருமேனி சேர்ந்தது. கல்வெட்டில் சொன்ன வடிவமும், அதே ஊரின் மண்ணில் கிடைத்த வடிவமும் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றே என்று அறிஞர்கள் முடிவு செய்தனர். இவ்வாறு ஆண்டு குறித்துச் சொல்லக்கூடிய சோழ வெண்கலங்கள் மிகச் சில. ஆண்டு தெரியாத பிற படிமங்களின் முகம், அணி, ஆடைக் கட்டு முதலியவற்றை இச்சிலவற்றோடு ஒப்பிட்டே அவற்றின் காலத்தை மதிப்பிடுகிறார்கள். அப்படியானால் ரிஷபவாகனர் ஓர் அழகிய படிமம் மட்டும் அல்ல. ஏனைய படிமங்களை அளக்கும் முழக்கோல். அந்த முழக்கோலின் வலிமை எதில் இருக்கிறது? உலோகத்தில் அன்று. 'இது இன்ன ஊரில், இன்ன இடத்தில் கிடைத்தது' என்ற சிறிய குறிப்பில் இருக்கிறது. அந்தக் குறிப்பு தொலைந்திருந்தால் கல்வெட்டு ஒருபுறமும் படிமம் ஒருபுறமுமாக இரண்டும் ஊமையாகியிருக்கும்.

மண்ணுக்கு அடியிலிருந்து

படிமங்கள் மண்ணுக்குள் ஏன் சென்றன? படையெடுப்பும் கொள்ளையும் நேர்ந்த காலங்களில் ஊரார் அவற்றைப் புதைத்துக் காத்தனர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். புதைத்தவர்கள் மறைந்தபின் இடமும் மறந்துபோயிற்று. உழும்போதும் வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதும் இன்று அவை வெளிப்படுகின்றன. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகங்களுக்குப் பல வெண்கலங்கள் வந்து சேர்ந்தது இந்த வழியில்தான். ஓர் ஊரின் புதையல் எப்போதும் ஓரிடத்திலேயே இருப்பதில்லை. திருவெண்காட்டின் அர்த்தநாரீசுவரர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். ஒரே ஊரின் படிமங்கள் இரண்டு நகரங்களில் பிரிந்து நிற்கின்றன.

மண் காப்பாற்றும், அரிக்கவும் செய்யும். மண்ணில் உள்ள உப்பு செம்போடு சேர்ந்து குளோரைடாக மாறும். படிமம் வெளியே வந்தபின் காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் அக்குளோரைடு மீண்டும் வினைபுரிந்து வெளிறிய பச்சைப் பொடியாக உதிரும். வினை ஓயாமல் தொடர்ந்து உலோகத்தைத் துளைத்துவிடும். இதை 'வெண்கல நோய்' என்கிறார்கள். காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 40-க்குக் கீழே இருந்தால் இந்நோய் அடங்கியிருக்கும். கழிமுக மாவட்டங்களின் காற்றோ ஆண்டின் பெரும்பகுதியில் இதைவிட மிக ஈரமானது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய வேதியியல் ஆய்வகத்தில் டாக்டர் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் வெண்கலங்களுக்குச் சிகிச்சை செய்து இத்துறைக்கு நம் நாட்டில் வழிகாட்டினார்.

ஆனால் துப்புரவு செய்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. படிமத்தில் ஒட்டியிருக்கும் மண் அழுக்கு மட்டும் அன்று. அது ஒரு சாட்சி. இதற்குப் பத்தூர் நடராசர் வழக்கே சான்று. அன்றைய தஞ்சை மாவட்டத்தில் இருந்த பத்தூரில் 1976-ஆம் ஆண்டு மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட நடராசர் படிமம், கைமாறிக் கைமாறி இலண்டன் சென்றது. அதை வாங்கியிருந்த நிறுவனத்துக்கு எதிராக, கோயிலின் சார்பில் அங்குள்ள நீதிமன்றத்தில் உரிமை கோரப்பட்டது. 'இந்த நடராசர் பத்தூர் மண்ணில் இருந்தவர்தானா?' என்பதே அடிப்படை வினா. படிமத்தில் படிந்த மண்ணையும், கறையான் ஊர்ந்த தடத்தையும், உலோகக் கலவையையும், பத்தூரில் கிடைத்த பிற படிமங்களோடு வல்லுநர்கள் ஒப்பிட்டனர். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சான்று அளித்தார். தீர்ப்பு கோயிலுக்குச் சாதகமாயிற்று. 1991-இல் நடராசர் தாயகம் திரும்பினார். யாரேனும் ஒருவர் அந்த மண்ணைப் பளபளவென்று துடைத்திருந்தால், சாட்சிகளில் ஒன்று வாய் மூடிப் போயிருக்கும்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசரும் இதையே கற்பிக்கிறார். ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் விலை கொடுத்து வாங்கிய அப்படிமத்தை, புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள் அடையாளம் காட்டின. 2014-இல் அது இந்தியாவுக்கு மீண்டது. ஓர் அச்சில் ஒரு படிமம் என்று முன்னர்க் கண்டோம். ஒவ்வொரு படிமத்துக்கும் தனிக் கைரேகை உண்டு என்பதால்தான் ஒரு புகைப்படமும் சாட்சியாக முடிந்தது.

எப்படிக் காட்ட வேண்டும்?

இவை யாவற்றையும் கருதும்போது தஞ்சைக் கலைக்கூடத்தின் படிமங்களைப் பற்றி நாம் சொல்லக்கூடிய முடிவு ஒன்றே. கலைத்தரத்தில் இவை உலகின் எந்த அருங்காட்சியகத்துக்கும் தலைகுனிய வேண்டியவை அல்ல. அதைவிட மேலான சிறப்பு, இவற்றுள் பல தாம் பிறந்த ஊரின் பெயரை இழக்காமல், அந்த ஊருக்கு அருகிலேயே இருப்பது. வெளிநாட்டுப் பேழைகளில் 'தமிழ்நாடு, சோழர் காலம்' என்று மட்டும் குறிக்கப்பட்டு நிற்கும் எத்தனையோ வெண்கலங்களுக்கு இந்தப் பேறு கிட்டவில்லை. அழகில் அவை குறைந்தவை அல்ல. சான்றாக நின்று பேசும் ஆற்றல்தான் அவற்றுக்குக் குறைந்துவிட்டது.

அந்தச் சிறப்பைப் பொதுமக்களுக்கு உணர்த்துவது காட்சி அமைப்பவர்களின் கடமை. இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. எந்தச் சிறு நகரத்து அருங்காட்சியகமும் நான்கு செயல்களைச் செய்யலாம். முதலாவதாக, மெழுகு உருவம், மண் பூசிய அச்சு, உடைத்த அச்சு, செதுக்காத வார்ப்பு என ஒரே உருவத்தின் படிநிலைகளைச் சுவாமிமலை ஸ்தபதிகளின் துணையோடு வரிசையாக வைக்கலாம். இரண்டாவதாக, சிறந்த படிமம் ஒன்றையாவது நாற்புறமும் சுற்றிப் பார்க்கும்படி நிறுத்தலாம். மூன்றாவதாக, காலத்தைக் குறிக்கும் இடத்தில் 'கல்வெட்டால் அறிந்தது', 'ஒப்பீட்டால் மதிப்பிட்டது' என்று எந்த வழியால் அறிந்தோம் என்பதையும் ஒரு சொல்லில் எழுதலாம். நான்காவதாக, கண்டெடுத்த இடத்தைக் காட்டும் சிறு நிலப்படத்தைப் படிமத்தின் அருகே மாட்டலாம்.

பார்வையாளருக்கும் ஒரு கடமை உண்டு. கலைக்கூடத்துக்குச் செல்லும் மாணவர்கள் எல்லாச் சிலைகளையும் ஒரே நாளில் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று எண்ண வேண்டாம். மூன்றே பொருள்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்: ஒரு வெண்கலம், ஒரு கருங்கல், அந்தச் சலவைக்கல் மன்னர். ஒவ்வொன்றின் முன்னும் கால் மணி நேரம் நில்லுங்கள். எந்த உறுப்பு தாங்கலின்றி நிற்கிறது, எது எதன்மேல் சாய்ந்திருக்கிறது, பீடத்தில் துளை எதற்கு என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு உங்கள் ஊர்க் கோயிலுக்குச் சென்று அங்குள்ள திருமேனிகளையும் அதே கண்ணோடு பாருங்கள். பீடத்தில் எழுத்து இருக்கிறதா, அவற்றின் அளவும் படமும் முறையாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பெரியவர்களைக் கேளுங்கள். பதிவு உள்ள படிமம் களவு போனாலும் திரும்ப வழியுண்டு. பதிவு இல்லாத படிமம் ஊரில் இருக்கும்போதே பாதி தொலைந்ததற்குச் சமம்.